குளிரில் பற்றரியைச் சூடாக்க வேண்டுமா? நுவரெலியாப் பயணத்துக்கு முன் ஒரு கேள்வி

காலிவீதி | வெள்ளவத்தை

எல்லோருக்கும் வணக்கம். ஜனவரி கடைசியில் பிள்ளைகளையும் மாமியையும் கூட்டிக்கொண்டு நுவரெலியா போகத் திட்டம். கார், 2025இல் இறக்குமதி திறந்துவிட்ட பிறகு எடுத்த சீனத் தயாரிப்பு. 60 யூனிட் (கிலோவாட் மணி) எல்.எஃப்.பி. பற்றரி, அதாவது லித்தியம் இரும்பு பொஸ்பேட் வகை. இதுவரை கொழும்பு, நீர்கொழும்பு, காலி என்று கரையோரமாகவே ஓடியிருக்கிறது. மலை ஏறியதில்லை.

ஸ்கிரீனில் மெனுவைத் தோண்டிப் பார்த்தால் பற்றரியைச் சூடாக்குவதற்கென்று ஒரு பொத்தான் இருக்கிறது. ஒஸ்லோவில் இருக்கிற மச்சான், "குளிரில் சூடாக்காமல் சார்ஜ் போட்டால் பற்றரி அநியாயமாகப் போகும்" என்று போனில் வெருட்டுகிறார். இங்கே ரயர் மாற்றப் போன கராஜில், மலைக்குப் போவதென்றால் பற்றரிக்கு அடியில் ஹீட்டர் பாட் ஒட்டி, அதன் மேல் ஃபோம் சுற்றித் தரலாம் என்றார்கள். விலையைக் கேட்டதும் அவர்கள் தந்த தேத்தண்ணியைக்கூடக் குடிக்காமல் வந்துவிட்டேன்.

நுவரெலியாக் குளிருக்கு இந்தப் பொத்தான் தேவையா? ஹோட்டலில் இரவே சார்ஜ் போடலாமா, காலையில் வெயில் ஏறிய பிறகுதான் போட வேண்டுமா? போய்வந்தவர்கள் சொல்லுங்கள்.


பழையலீஃப் | தெஹிவளை

அந்தப் பொத்தானை மறந்துவிடுங்கள். ஃபோமை அதைவிடக் கெதியாக மறந்துவிடுங்கள்.

நான் ஓடுவது 24 யூனிட் நிசான் லீஃப். வரி குறைவாக இருந்த காலத்தில் ஜப்பானிலிருந்து கொழும்புக்கு வந்து குவிந்தவற்றில் ஒன்று. லீஃபின் பற்றரியைக் குளிர்விக்கத் தண்ணீரும் கிடையாது, ஏசியும் கிடையாது. தானாக ஆறினால்தான் உண்டு. ஆனால் குளிர்நாடுகளுக்காக ஒரு சின்ன ஹீட்டர் வைத்தார்கள். கைநூலின்படி, பற்றரி மைனஸ் 17 பாகை அளவுக்கு இறங்கினால்தான் அது தானாக வேலை தொடங்கும். மைனஸ் 10க்கு ஏறியதும் நின்றுவிடும். ஓடுவதற்குச் சுகமாகச் சூடாக்கித் தருவது அதன் வேலை அல்ல, உறைந்துபோகாமல் பார்த்துக்கொள்வது மட்டும்தான். நுவரெலியாவில் மைனஸ் 17 வருகிற அன்று காரை விடுங்கள், தேயிலையே மிஞ்சாது.

லீஃப் ஸ்பை ஆப்பை, காரில் செருகுகிற ஓபிடி கருவியோடு சேர்த்து வைத்திருக்கிறேன், போகும் வழியெல்லாம் பற்றரிச் சூடு தெரியும். அவிசாவளை, கித்துல்கல, கினிகத்தேனை என்று ஏறி ஹட்டனுக்கு வரும்போது 38, 39 காட்டும். வழியில் ஃபாஸ்ட் சார்ஜ் போட்டால் 40ஐத் தாண்டும். இரவு முழுக்க ஹோட்டல் வாசலில் நிற்கும். விடிய எழும்பிப் பார்த்தால் வெளியே 10 பாகை, முன்கண்ணாடியில் பனித்தண்ணீர் வழிகிறது, பற்றரி இன்னும் 26. பற்றரிக்கு அதைவிட நல்ல சூடு கிடையாது. பெரிய இரும்பும் ரசாயனமும் சேர்ந்த நூற்றுக்கணக்கான கிலோ, லேசில் ஆறாது.


சந்தேகப்பிராணி | பம்பலப்பிட்டி

அண்ணை, ஒரு இரவுக்குச் சரி. மூன்று நாள் நின்றால்? ஒவ்வொரு ஜனவரியிலும் நுவரெலியாவில் புல்வெளி வெள்ளையாகக் கிடக்கிற படம் பேப்பரில் வருகிறதே. லித்தியம் பற்றரியை 0 பாகைக்குக் கீழே சார்ஜ் செய்யக்கூடாது என்பது இப்போது எல்லோருக்கும் தெரிந்த விசயம். குளிரில் எல்.எஃப்.பி. இன்னும் மோசம் என்றும் சொல்கிறார்கள். உங்களுடைய லீஃப் பற்றரி வேறு வகை. அதை வைத்து இவருக்கு எப்படித் தீர்ப்புச் சொல்வது?


மலைநாட்டான் | கொட்டாஞ்சேனை

பிறந்து வளர்ந்தது தலவாக்கலைப் பக்கம், ஆகவே பனி விசயத்தில் எனக்குக் கொஞ்சம் உரிமை இருக்கிறது.

அந்தப் படத்தை எடுக்கிறவர்கள் விடியற்காலையிலேயே குதிரைப்பந்தயத் திடலுக்கு ஓடுவார்கள். எட்டு மணிக்குப் போனால் ஈரப்புல் மட்டும்தான். மேகமும் காற்றும் இல்லாத இரவில் புல் தன்னுடைய சூட்டை வானத்துக்கு இழந்துவிட்டு, சுற்றியுள்ள காற்றைவிடக் குளிர்ந்துபோகும். ஆள் உயரத்தில் 3, 4 பாகை இருக்கும்போதே புல்நுனியில் நீர் உறைந்துவிடும். தேயிலைக் கொழுந்து கருகுவதும் இப்படித்தான். மெல்லிய இலைக்கு நடப்பது காருக்கு அடியில் இருக்கிற பேட்டரிக்கு நடக்காது.

நுவரெலியா 1,868 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஆண்டுச் சராசரி 16 பாகை அளவு. ஜனவரி, பெப்ரவரி இரவுகளில் 8, 10 என்று இருக்கும், மோசமான இரவில் இன்னும் இறங்கும், பகலில் 20ஐத் தொடும். மூன்று நாள் அசையாமல் நின்றாலும் பேட்டரி 15க்குக் கிட்ட வந்து நிற்கும். அவ்வளவுதான். ஹோர்ட்டன் சமவெளியில் அதைவிடக் குளிர், ஆனால் அங்கே இரவில் யார் சார்ஜ் போடப்போகிறார்கள்?


ஒஸ்லோவாசி | ஒஸ்லோ, முன்பு வெள்ளவத்தை

மச்சானைப் பேசாதீர்கள். அவர் தன்னுடைய ஊருக்குச் சரியாகத்தான் சொல்கிறார். இங்கே ஜனவரியில் மைனஸ் 10 சாதாரணம், சில கிழமைகளில் மைனஸ் 20. குளிருக்கு மின்கார் சரிவராது என்று சொல்கிறவர்கள் இன்னமும் இருக்கிறார்கள்; 2024இல் நோர்வேயில் விற்ற புதுக் கார்களில் பத்துக்கு ஒன்பது அளவு மின்கார்.

சந்தேகப்பிராணி சொன்ன 0 பாகை விசயம் உண்மை, ஆனால் பாதி உண்மை. சார்ஜ் ஏறும்போது லித்தியம் அயனிகள் கிராஃபைட் அடுக்குகளுக்குள் புகுந்து உட்கார வேண்டும். குளிரில் அது மந்தமாகத்தான் நடக்கும். வெளியிலிருந்து வேகமாகத் தள்ளினால், புறக்கோட்டை பஸ்ஸில் உள்ளே நகர இடமில்லாமல் ஃபுட்போர்டில் தொங்குகிற கூட்டம் மாதிரி, அயனிகள் மேற்பரப்பிலேயே உலோகமாகப் படிந்துவிடும். படிந்ததில் ஒரு பங்கு திரும்ப வேலைக்கு வராது. கொள்ளளவு நிரந்தரமாகக் குறையும். படிவு ஊசி மாதிரி வளர்ந்தால் உள்ளுக்குள் ஷோர்ட் ஆகிற ஆபத்தும் இருக்கிறது.

ஆனால் அதைக் காவல் காப்பது உங்கள் வேலை அல்ல, பற்றரியைக் கண்காணிக்கிற கணினியான பி.எம்.எஸ்.ஸின் வேலை. குளிர்ந்த பற்றரியோடு போய் ஃபாஸ்ட் சார்ஜரைச் செருகினால் கார் தானே ஆம்பியரைக் குறைத்துவிடும். அரை மணியில் முடிய வேண்டியது ஒரு மணியைத் தாண்டும். நட்டம் உங்களுடைய நேரத்துக்கு. இன்னொன்று: ஏற்றுவது வேறு, ஓடுவது வேறு. குளிரில் ஓடுவதால் பற்றரி கெடாது. உள்தடை கூடும், வலு குறையும், தூரம் குறையும். சூடு வந்ததும் எல்லாம் திரும்பி வரும்.

நான் பற்றரியைச் சூடாக்குவது நெடும்பயணத்தில் ஃபாஸ்ட் சார்ஜருக்குப் போகும்போது மட்டும். அதையும் நான் செய்வதில்லை. நாவிகேஷனில் சார்ஜரைத் தெரிவுசெய்தால் கார் போகிற வழியிலேயே தொடங்கிவிடும். டெஸ்லா இதை 2019இல் கொண்டுவந்தது, பிறகு மற்றவர்களும் வந்தார்கள். டெஸ்லா மொடல் 3இல் பற்றரிக்கென்று தனி ஹீட்டர் கிடையாது. மோட்டாரை வேண்டுமென்றே மோசமான திறனில் இயக்கி, அதில் கிளம்பும் சூட்டைக் கூலன்ட் வழியாகப் பற்றரிக்கு அனுப்புகிறார்கள். எனக்கு அந்த யோசனை மிகவும் பிடிக்கும்.

வீட்டிலிருந்து வேலைக்குப் போகும் காலைகளில் சூடாக்குவது காரின் உள்பக்கத்தைத்தான், அதுவும் கேபிள் செருகியிருக்கும்போதே. சீட்டும் கண்ணாடியும் வீட்டுக் கரண்டில் சூடாகிவிடும், பற்றரி முழுசாக இருக்கும். குளிர்நாட்டில் தூரத்தைத் தின்பதில் பெரிய பங்கு இந்த உள்ஹீட்டருக்குத்தான். பற்றரிக் குளிரைப் பற்றிப் பேசுகிற அளவுக்கு இதை யாரும் பேசுவதில்லை.


காலிவீதி | வெள்ளவத்தை

நன்றி. மச்சானுக்கு இந்த இழையை அனுப்பிவிட்டேன், இன்னும் பதில் இல்லை.

ஒரு சந்தேகம் மிச்சம். சூடாக்கினால் தூரம் கூடும் என்றும் சொல்கிறார்களே? மலை ஏற கனக்க சார்ஜ் போகும், நடுவழியில் நின்றால் மாமி வாழ்நாள் முழுக்கச் சொல்லிக் காட்டுவார் என்ற பயத்தில் கேட்கிறேன்.


கணக்குப்பிள்ளை | வத்தளை

தாளை எடுங்கள்.

60 யூனிட் எல்.எஃப்.பி. பொதி 400 கிலோவுக்கு மேல் இருக்கும். கணக்குக்கு 400 என்று வைப்போம். ஒரு கிலோவை ஒரு பாகை சூடாக்க ஏறத்தாழ 1 கிலோஜூல். ஆக 15 பாகையிலிருந்து 25க்குக் கொண்டுவர 4,000 கிலோஜூல், அதாவது 1.1 யூனிட். வழியில் வீணாகிறதையும் சேர்த்தால் இன்னும் கொஞ்சம். 15க்கும் 25க்கும் இடையில் உள்தடையில் மிச்சப்படுவது, நாள் முழுக்க ஊர் சுற்றினாலும், இதில் கால்வாசிக்குக் கூட வராது. ஒஸ்லோவில் மைனஸ் 10இலிருந்து 20க்குக் கொண்டுவருவதென்றால் 3.3 யூனிட். பிளக்கில் இல்லாமல் அதைச் செய்துவிட்டு ஐந்து கிலோமீட்டர் தள்ளியிருக்கிற கடைக்குப் போனால், ஓட்டத்துக்குப் போனதைவிடச் சூட்டுக்குப் போனது பல மடங்கு.

இனி ஏற்றம். கார் 1,750 கிலோ, ஆட்களும் பெட்டிகளும் 350. மொத்தம் 2,100 கிலோவை 1,870 மீட்டர் தூக்க 10.7 யூனிட் வேண்டும். மோட்டாரில் வீணாகிறதைச் சேர்த்து 12 என்று வையுங்கள். கொழும்பிலிருந்து ஹட்டன் வழியாக 170 கிலோமீட்டர் அளவு; அதைத் தட்டையான ரோட்டாக நினைத்தால் 25 யூனிட். கூட்டினால் 37. 60இல் 37 போனால் 23 மிச்சம், ஏறத்தாழ 38 வீதத்தோடு ஹோட்டல் வாசலில் நிற்பீர்கள். மாமிக்கு ஒரு வார்த்தை பேச இடம் இருக்காது.

மலையில் வேகம் குறைவு, காற்றுத் தடையும் குறைவு. ஆகவே உண்மையில் இதைவிட நன்றாகவே வரலாம். கினிகத்தேனைக்கு மேல் சாப்பாட்டுக்கு நிற்பதென்றால் அங்கே கொஞ்சம் சார்ஜ் போட்டுக்கொள்ளலாம், கட்டாயம் இல்லை.


ஸ்காபரோக்காரன் | ரொறன்ரோ

கணக்குப்பிள்ளை அண்ணை யூனிட்டை மட்டும் எண்ணுகிறார். எங்கள் தொடர்மாடியில் பிளக் கிடையாது, கார் வெளியே பனிக்குள் நிற்கும். காலையில் குளிர்ந்த பற்றரி ரீஜெனை, அதாவது வேகம் குறையும்போது மோட்டார் திருப்பி அனுப்புகிற கரண்டை, ஏற்காது, ஏனென்றால் ரீஜெனும் சார்ஜ்தான். அக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் கார் தானாக வேகம் குறையும் என்று பழகிய ஆள், அன்றைக்கு எடுத்தால் அது வழுக்கிக்கொண்டே போகும். பனி படிந்த ரோட்டில் அது சின்ன விசயம் இல்லை. பிளக் இல்லாவிட்டாலும் நான் புறப்பட முன் கொஞ்ச நேரம் சூடாக்குகிறேன். யூனிட் போகட்டும்.

இதெல்லாம் மின்காரோடு வந்த புதினமும் இல்லை. கனடாவின் புல்வெளி மாகாணங்களில் பெற்றோல் காரின் எஞ்சினைச் சூடாக வைத்திருக்க இரவு முழுக்க பிளக்கில் போட்டு வைப்பது வழக்கம். முன் கிரிலுக்குள்ளிருந்து ஒரு வயர் தொங்கிக்கொண்டிருக்கும்.


சந்தேகப்பிராணி | பம்பலப்பிட்டி

2024 ஜனவரியில் சிக்காகோவில் டெஸ்லாக்கள் சார்ஜர் வாசலில் செத்துக் கிடந்த வீடியோ எல்லோரும் பார்த்ததுதானே. அவ்வளவு ஹீட்டர், அவ்வளவு சொப்ட்வெயார் இருந்தும் என்ன பிரயோசனம்?


ஒஸ்லோவாசி | ஒஸ்லோ, முன்பு வெள்ளவத்தை

அதில் பற்றரியின் பிழையைவிட வரிசையின் பிழைதான் கூட. சூடாக்காமல் வருகிற கார் மெதுவாக ஏற்றும். மெதுவாக ஏற்றினால் பின்னால் வரிசை நீளும். வரிசையில் நிற்கிறவர் உள்ஹீட்டரைப் போட்டுக்கொண்டு நிற்பார், சார்ஜ் இறங்கும். மிச்சம் குறைந்துபோனால் பற்றரியைச் சூடாக்கவும் காருக்கு மனம் வராது. அதோடு சில சார்ஜர்களும் வேலை செய்யவில்லை. அதே கிழமைகளில் இங்கேயும் கடுங்குளிர்தான், ஆனால் வீட்டிலேயே சார்ஜ் போடுகிறவர்கள் அதிகம் என்பதால் நாங்கள் செய்தியில் வரவில்லை.

ஸ்காபரோ தம்பியின் ரீஜென் நியாயத்தை ஒப்புக்கொள்கிறேன். அது பாதுகாப்புக்காக, தூரத்துக்காக அல்ல.


நிலாவெளி | தெஹிவளை

ரீஜென் என்று வந்ததால் சொல்கிறேன். நுவரெலியாவுக்குப் போகிறவர் கவலைப்பட வேண்டியது இதற்குத்தான், ஆனால் குளிரால் அல்ல.

மைத்துனரின் காரில் போயிருந்தோம், இறங்கும்போது நான்தான் ஓடினேன். ஹோட்டல்காரர் நல்ல மனிதர், இரவு முழுக்கப் போட்டு 100 ஆக்கி வைத்திருந்தார். கண்டிப் பக்கமாக றம்பொடை வழியே இறங்குகிறோம். ஸ்கிரீனில் பச்சையாக நிரம்ப வேண்டிய ரீஜென் கோடு சாம்பல் நிறத்தில் அப்படியே கிடக்கிறது. நிரம்பிய பற்றரிக்கு வாங்க இடமில்லை. காலை எடுத்தால் கார் பிடிக்கவில்லை, ஒவ்வொரு வளைவிலும் பிரேக்கை மிதிக்க வேண்டியதாகிவிட்டது. முன்னால் மரக்கறி லொறி, பின்னால் ஹோன் அடிக்கிற பஸ். தேயிலைக் கடை ஒன்றில் நிறுத்தியபோது முன்சில்லிலிருந்து பிரேக் சூடான மணம். பெற்றோல் காரில் என்றால் இரண்டாம் கியரில் விட்டிருப்போம். இதில் அந்தக் கியர் என்பதே ரீஜென்தான்.

வேறொருமுறை 80 வீதத்தில் புறப்பட்டோம். அதே ரோட்டில் பிரேக்கைத் தொடவே தேவைப்படவில்லை, றம்பொடை வருவதற்குள் ஒரு வீதம், இரண்டு வீதம் ஏறியும் இருந்தது.

அண்ணா, ஹோட்டலில் 80, 85இல் நிற்கிற மாதிரி ஆப்பிலேயே செட் பண்ணிவிடுங்கள். மாமிக்கும் வளைவில் தலை சுற்றாது.


காலிவீதி | வெள்ளவத்தை

நல்லகாலம் கேட்டேன். ஆனால் எல்.எஃப்.பி. என்றால் கிழமைக்கு ஒருமுறை 100க்கு ஏற்றச் சொல்லித்தானே காரோடு வந்த புத்தகத்தில் இருக்கிறது?


கணக்குப்பிள்ளை | வத்தளை

அது பற்றரியின் நன்மைக்காக என்பதைவிட, மீட்டரின் நன்மைக்காக. எல்.எஃப்.பி.யின் வோல்ட்டேஜ் நடுவில் நெடுந்தூரம் ஒரே மட்டத்தில் கிடக்கும். 40 வீதமா 60 வீதமா என்று வோல்ட்டேஜை வைத்துச் சொல்வது பி.எம்.எஸ்.ஸுக்குக் கஷ்டம். 100ஐத் தொட்டால்தான் கணக்கைச் சரிசெய்ய அதற்கு ஒரு பிடி கிடைக்கும். அதைக் கொழும்பிலேயே, புறப்படுவதற்கு முந்தின இரவு செய்யுங்கள். ஏற்றத்துக்கு எப்படியும் முழு பற்றரி தேவை, அவிசாவளை வரைக்கும் ரீஜெனுக்குப் பெரிய வேலையும் இல்லை. மலை உச்சியில் 100 வேண்டாம்.


பழையலீஃப் | தெஹிவளை

சரி, குளிரைப் பற்றி இவ்வளவு கதைத்துவிட்டோம். நம்முடைய பற்றரிகளைக் கொல்வது எது என்று யாராவது கேட்க வேண்டாமா? கொழும்பு வெயில்.

2012இல் அமெரிக்காவின் ஃபீனிக்ஸ் நகரத்து லீஃப்காரர்கள் டாஷ்போர்டில் பற்றரிக் கொள்ளளவைக் காட்டுகிற கோடுகள் குறைகின்றன என்று குரல் எழுப்பினார்கள். கார் வாங்கி ஓரிரண்டு வருசம்கூட ஆகவில்லை. பாலைவனச் சூடு. கொழும்பில் அந்த உச்சச் சூடு கிடையாது, ஆனால் இங்கே ஆறுவதற்குக் குளிர்ந்த இரவும் இல்லை, குளிர்காலமும் இல்லை. வருசம் முழுக்க 28 பாகைச் சராசரி, பகலில் 31, 32, தார் ரோட்டின் மேல் அதைவிடக் கூட. சூட்டில் பற்றரிக்குள் நடக்கிற வேண்டாத ரசாயன மாற்றங்கள் வேகமெடுக்கும். முழு சார்ஜோடு சூட்டில் நின்றால் இரட்டைக் கேடு.

அதனால்தான் லீஃப் வாங்குகிறபோது, ஜப்பானில் எந்தப் பக்கம் ஓடிய கார் என்று விசயம் தெரிந்தவர்கள் கேட்பார்கள். ஹொக்கைடோ போன்ற குளிர்ப் பகுதியில் ஓடியது என்றால் பற்றரி பெரும்பாலும் நல்ல நிலையில் இருக்கும். ஆனால் கீழே குனிந்து பார்க்க வேண்டும். பனி ரோட்டில் போடுகிற உப்பு அடிப்பகுதியைத் தின்றிருக்கும். பற்றரியைக் காப்பாற்றிய அதே குளிர்காலம் அடித்தகட்டைக் கறளாக்கிவிடும். எனக்கென்றால் கறளைப் பார்த்துக்கொள்ளலாம், பற்றரிதான் பெறுமதி.

மலையில் செய்வதையும் கொழும்பில் செய்வதையும் மாற்றிப் போடாதீர்கள். நுவரெலியாவில் போய்ச் சேர்ந்ததும், பற்றரி மலை ஏறிய சூட்டோடு இருக்கும்போதே சார்ஜ் போடுங்கள், நன்றாக வாங்கும். கொழும்பில் அதிவேகப் பாதையில் பறந்து வந்து 40 பாகையோடு நிற்கிற பற்றரிக்கு உடனே போடாதீர்கள், குறிப்பாக லீஃப் போலக் குளிரூட்டல் இல்லாத கார் என்றால். ஆறட்டும். நேர அடிப்படைக் கட்டணத்தில் இருப்பவர்களுக்கு இரவு 10.30இலிருந்து காலை 5.30 வரைதான் மலிவு, ஆகவே பொறுமைக்கும் கூலி உண்டு.


சந்தேகப்பிராணி | பம்பலப்பிட்டி

இந்த ஒருமுறை அண்ணையோடு ஒத்துப்போகிறேன். என் லீஃபில் சீட் ஹீட்டரும் இருக்கிறது, ஸ்டியரிங் ஹீட்டரும் இருக்கிறது. ஒருநாள் மகன் தெரியாமல் அமத்திவிட்டான், காலி வீதி நெரிசலில் நட்டநடு மத்தியானம். ஏன் முதுகு எரிகிறது என்று பிரெஷர் மாத்திரை வரைக்கும் யோசித்துவிட்டேன்.


வயர்மேன் | கொலன்னாவை

அந்த ஹீட்டர் பாட், ஃபோம் கதையை யாரும் முடிக்கவில்லை. நான் முடிக்கிறேன்.

புதுக் கார் பற்றரிக்குக் கூலன்டோ ஏசி வாயுவோ ஓடுகிறது. சூடு கூடினால் குளிர்விக்கும், குறைந்தால் சூடாக்கும், இரண்டுக்கும் சென்சர் இருக்கிறது. அதற்கு வெளியே ஒருவர் ஃபோம் ஒட்டினால், வருசத்தில் இரண்டு நாள் நுவரெலியாவுக்காக, மிச்ச நாளெல்லாம் கொழும்பில் பற்றரியைப் போர்வைக்குள் வைத்திருப்பீர்கள். பாட்டுக்குக் கரண்ட் எங்கிருந்து எடுப்பார்? 12 வோல்ட் பற்றரியிலிருந்து எடுத்தால் அது சின்னப் பற்றரி, கெதியில் படுத்துவிடும், அது படுத்தால் கார் கிளம்பவே மாட்டாது. செம்மஞ்சள் நிற வயரில் கைவைத்தால் அது நூற்றுக்கணக்கான வோல்ட், ஆளையே கொல்லும். வெள்ளம் ஓடுகிற கொழும்பு ரோட்டில் ஃபோமுக்குள் தண்ணீர் நின்றால் கறள். வாரண்டியும் அதோடு சரி. தேத்தண்ணி குடிக்காமல் வந்தது நல்லது.

2022இல் பெற்றோல் வரிசை நடந்தபோது லீஃப்காரர்களைப் பார்த்து எரிச்சல்பட்ட ஆள் நான். மார்ச் கடைசியில் 13 மணித்தியாலக் கரண்ட் வெட்டு வந்ததும் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. இப்போது வேலையில் பாதி இவர்களுடைய சார்ஜர் பூட்டுவதுதான்.


காலிவீதி | வெள்ளவத்தை

மச்சான் பதில் போட்டுவிட்டார்: "நான் நோர்வேயைச் சொன்னேன், நீ நுவரெலியாவைக் கேட்டாய்." சரி.

முடிவு இதுதான்: புறப்படும் முந்தின இரவு இங்கே 100. ஹட்டன் வழியாக ஏற்றம், சேர்ந்த அன்று மாலையே ஹோட்டலில் போட்டு 80இல் நிறுத்துவது, றம்பொடை வழியாக இறக்கம். பொத்தானைத் தொடப்போவதில்லை. ஹோட்டலில் சார்ஜர் கிடையாதாம், கராஜ் பக்கம் ஒரு பிளக் இருக்கிறது, பாவிக்கலாம் என்கிறார்கள். காரோடு வந்த சின்னக் கேபிளைக் கொண்டுபோகிறேன்.


மலைநாட்டான் | கொட்டாஞ்சேனை

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்: அந்தப் பிளக் பழைய பங்களா வயரிங்கிலா, புதிதாக இழுத்ததா? நுவரெலியாவில் பல இடங்கள் வெள்ளைக்காரன் காலத்துக் கட்டடம். சுவர் ஈரம் குடித்திருக்கும். அதே லைனில் அறைகளின் கீசரும் ஓடும். இரவு எட்டு மணிக்கு எல்லோரும் சுடுதண்ணியில் குளிப்பார்கள், பிரேக்கர் விழுந்துவிடும், நீங்கள் காலையில்தான் பார்ப்பீர்கள்.


வயர்மேன் | கொலன்னாவை

13 ஆம்பியர் பிளக்கில் மணிக்கணக்காக முழு 13 இழுக்காதீர்கள். கேபிளிலோ காரிலோ ஆம்பியரைக் குறைக்க வழியிருக்கும், 8இல் வையுங்கள். 230 வோல்ட்டில் அது மணிக்கு 1.8 யூனிட். 38இலிருந்து 80க்கு 25 யூனிட் வேண்டும், வீணாகிறதையும் சேர்த்தால் 15 மணித்தியாலம் அளவு. இரண்டு இரவு நிற்கிறீர்கள் என்றால் தாராளமாகப் போதும்.

போட்டு அரை மணி கழித்துப் பிளக்கைத் தொட்டுப் பாருங்கள். இளஞ்சூடு பரவாயில்லை. கை வைக்க முடியாத சூடு என்றால் கழற்றிவிட்டு வேறு பிளக் கேளுங்கள். நீட்டு வயர் பாவிப்பதென்றால் சுருளாக வைக்காமல் முழுக்க விரித்துவிடுங்கள், தடித்த வயராகவும் இருக்கட்டும். எர்த் இல்லாத பிளக் என்றால் கேபிளில் சிவப்பு லைட் எரிந்து சார்ஜ் தொடங்காது. அதற்கு அங்கே யாராவது எர்த்தை ஏமாற்ற ஒரு துண்டு வயர் சொருகித் தந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.


காலிவீதி | வெள்ளவத்தை

ஹோட்டலுக்கு எடுத்துக் கேட்டேன். புதிதாக இழுத்த லைனாம், மரக்கறி வெட்டுகிற மெஷினுக்காகப் போட்டதாம். மாலை ஆறுக்குப் பிறகு மெஷின் ஓடாது, தாராளமாகப் பாவியுங்கள் என்றார்கள். யூனிட்டுக்குக் காசு எடுப்பார்களா என்று கேட்டதற்கு, "வாங்கோ, பார்ப்போம்" என்றார்.


நிலாவெளி | தெஹிவளை

கிளம்பும்போது மீட்டரைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். "பார்ப்போம்" என்று சொன்ன இடத்தில் எங்களுக்கு பில்லில் ஒரு அறையே கூடியிருந்தது.